எல்லோரும் படிக்கிற இடத்தில் சண்டை

எங்கள் மூன்று பேரிடம் ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோ இருக்கிறது. கல்யாணமான புதிதில் இதை என் கணவரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது கடிக்குமா?" என்று கேட்டார். ஏதோ நாய் இனம் என்று நினைத்துவிட்டார். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

லினக்ஸ் என்பது யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தவும், தெரிந்தால் மாற்றவும் கூடிய இயங்குதளம். அதோடு எழுதுவதற்கு, படம் பார்ப்பதற்கு, இணையத்துக்குப் போவதற்கு என்று தேவையான மென்பொருள்களைச் சேர்த்து, ஒரே கட்டாகக் கணினியில் நிறுவிக்கொள்ளும்படி கொடுத்தால் அதுதான் டிஸ்ட்ரோ. உலகத்தில் இப்படி எத்தனையோ உண்டு. எங்களுடையது பழைய கணினிகளுக்கானது. நிறுவிய உடனே கன்னடத்திலும் தமிழிலும் தட்டச்சு செய்யலாம். சம்பளம் கிடையாது, அலுவலகம் கிடையாது. ஆளுக்கொரு வேலை பார்த்துக்கொண்டு மிச்ச நேரத்தில் செய்கிறோம்.

மூவரில் ஒருவர் மேல்கோட்டைப் பூர்வீகமுள்ள ஸ்ரீவைஷ்ணவக் குடும்பத்துக்காரர், வங்கி அதிகாரி. எங்கள் டிஸ்ட்ரோவைக் கணினியில் ஏற்றும்போது "எந்த மொழி, எந்த ஊர், எந்த வட்டு" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கூட்டிப்போகுமே, அந்த நிறுவியை எழுதியவர் அவர்தான். இன்னொருத்தி எங்கள் இருவரையும்விடச் சின்னவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காக மைசூர் வந்தவர்கள். அவள் இங்கேயே பிறந்து, கன்னடப் பள்ளியில் படித்து, இப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். வெளியிலிருந்து வரும் மென்பொருள்களை எங்கள் டிஸ்ட்ரோவுக்குப் பொருந்தும்படி பேக்கேஜ் கட்டுவது அவள் பொறுப்பு.

மூன்றாவது நான். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஒரு கம்பெனியில் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுகிறேன். டிஸ்ட்ரோவில் என் வேலை என்ன என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. உதவிப் பக்கங்கள் எழுதினேன், திரையில் வருகிற வாசகங்களைத் தமிழில் போட்டேன், "அடுத்த பதிப்பு எப்போது?" என்று மற்ற இருவரையும் நச்சரித்தேன். அவர்கள் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்ட பிறகு தபால்காரியும் ஆனேன்.

பேச்சு நின்றதற்குக் காரணம் முப்பத்திரண்டு பிட். ரொம்பப் பழைய கணினிகளை அப்படித்தான் சொல்வோம். அவற்றில் புதிய மென்பொருள்கள் ஓடாது. ஓட வைக்கவேண்டுமானால் ஒவ்வொன்றையும் தனியாக இன்னொரு முறை கட்டவேண்டும். அவள் நிறுத்திவிடலாம் என்றாள். அவர் கூடவே கூடாது என்றார். ஒருநாள் ஃபோனில் குரல் உயர்ந்துவிட்டது. அதன் பிறகு அவரும் அவளை அழைப்பதில்லை, அவளும் அவரை அழைப்பதில்லை. இருவரும் என்னை அழைத்தார்கள்.

எங்கள் வலைத்தளத்தில் 'சமூகம் நடத்தும் டிஸ்ட்ரோ' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். யார் வேண்டுமானாலும் சேர்ந்து படிக்கவும் எழுதவும் ஒரு பொது மெயில் குழுவும் இருந்தது. அதில் கடைசியாக வந்திருந்தது யாரோ ஒருவரின் பொங்கல் வாழ்த்து. அதற்கு ஒரு நன்றிகூட நாங்கள் சொல்லவில்லை. 'எங்கள் இலக்குகள்' என்று ஒரு பக்கம் இருந்தது. திறந்து பார்த்தால் 'வேகம், எளிமை, அழகு' என்று மூன்று சொற்கள். அதை எழுதியது நீங்கள்தான் என்று அவர் என்னைச் சொன்னார். அவர் என்று அவள் சொன்னாள். சோப்பு விளம்பரத்திலிருந்து வந்திருக்கும் என்று என் கணவர் சொன்னார். அந்தச் சமூகத்தின் மொத்தப் பேச்சும் என் ஒரு ஃபோனுக்குள்தான் நடந்துகொண்டிருந்தது, அதுவும் வாய்ஸ் மெசேஜாக.

அந்த ஃபோன்தான் என்னைக் காப்பாற்றியது.

மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்க மண்டி மொஹல்லா கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் உதிரி பாகம் வைத்திருக்கும் சின்னக் கடை. ஒரு பக்கம் ஆட்டோ, ஒரு பக்கம் ஸ்கூட்டர், நடுவில் நான் நின்றேன். ஃபோனில் மெசேஜ் வந்தது. காதில் வைத்துக் கேட்கலாம் என்று அமுக்கினேன். சந்தின் இரைச்சலுக்காக ஒலியை முழுசாக ஏற்றி வைத்திருந்ததும், அது ஸ்பீக்கரில் இருந்ததும் அப்புறம்தான் தெரிந்தது.

"நீங்களே சொல்லுங்கோ!" என்று வங்கிக்காரரின் குரல் கடை முழுக்க முழங்கியது. "ஓடிண்டிருக்கற மிஷினை எதுக்குத் தூக்கி எறியணும்? அவ ஆத்துல இருக்கறது புதுசுன்னா, ஊர்ல எல்லார் ஆத்துலயும் புதுசா இருக்குமா? இதைக் கேட்டா அவளுக்குக் கோவம் வேற!"

கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "யாரு மேடம், யஜமானரா?" என்று கன்னடத்தில் கரிசனமாகக் கேட்டார். என் வீட்டுக்காரர் என்று நினைத்துவிட்டார்.

"இல்லை இல்லை" என்று பதறி ஃபோனைத் தடவினேன். அந்தத் தடவலில் அடுத்த மெசேஜ் ஓட ஆரம்பித்தது. இது அவளுடையது.

"அக்கா, ப்ளீஸ், அவர்க்கு நீங்களே சொல்லிடுங்க. ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ கட்டறேன். ஒண்ணு எல்லார்க்கும், இன்னொண்ணு அவரோட மியூசியத்துக்கு. சும்னே, வெட்டியா! பேஜாராயித்து, வெறுத்தே போச்சு அக்கா!"

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தமிழில் சொன்னார்: "அவர் சொல்றது கரெக்ட் மேடம். ஓடற வண்டிய ஏன் நிறுத்தணும்? என்னோடதும் பழசுதான்."

இஸ்திரிப் பெட்டியோடு வந்திருந்த கல்லூரிப் பெண் விடவில்லை. "ஸ்பேர் கிடைக்காதே அங்கிள்?"

"ஸ்பேர் இல்லேன்னா எனக்குத்தானே தலைவலி" என்று கடைக்காரர் அந்தப் பெண்ணின் பக்கம் சேர்ந்தார். "பழைய மிக்ஸிய எடுத்துட்டு வந்து என் உயிரை வாங்கறாங்க." சொல்லிவிட்டு என் கையிலிருந்த ஜாரைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார்.

எதைப் பற்றிய சண்டை என்றே அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் விவாதம் சூடாகவே நடந்தது. ஆட்டோக்காரர், வேண்டுமானால் இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொண்டு பிறகு நிறுத்தலாம் என்று இறங்கி வந்தார். அந்தப் பெண், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றாள். கடைக்காரர் வாஷரை மாட்டிக்கொண்டே, "இன்னொரு மெசேஜ் இருந்தா ஹாகி, போடுங்க மேடம்" என்றார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எத்தனையோ நாளாக என் தலைக்குள் முட்டி மோதிக்கொண்டிருந்த விஷயத்தை முன்பின் தெரியாதவர்கள் சந்தோஷமாகக் கையில் எடுத்துக் கொண்டார்கள். இந்தக் கடையில் பேசலாம் என்றால், எங்கள் டிஸ்ட்ரோவைப் பயன்படுத்துகிறவர்கள் முன்னால் பேசினால் என்ன?

பேருந்துக்குக்கூடக் காத்திராமல், அங்கேயே ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்று இருவருக்கும் ஒரே மெசேஜ் அனுப்பினேன். இன்று முதல் டிஸ்ட்ரோ விஷயமாக என்னிடம் தனியாக எதுவும் சொல்லவேண்டாம், சொல்வதைப் பொது மெயில் குழுவில் எழுதுங்கள், தனியாக அனுப்பினால் நானே அதை எடுத்து அங்கே போட்டுவிடுவேன்.

அவர் உடனே கூப்பிட்டார். "என்னதிது, ஊர் சிரிக்காதா?"

"ஏற்கெனவே சிரிச்சாச்சு சார்" என்றேன். "அதுல பாதிப் பேர் உங்க கட்சி."

அவளுக்கும் பிடிக்கவில்லை. "எல்லார் முன்னாடியும் எப்டி அக்கா சண்ட போடறது?" என்றாள்.

ஆனால் மறுநாள் அவளிடமிருந்து முதல் மடல் குழுவுக்கு வந்தது. வக்கீல் நோட்டீஸ் போலிருந்தது. 'பெருமதிப்பிற்குரிய நிறுவி ஆசிரியர் அவர்களின் கவனத்திற்கு' என்று ஆரம்பித்து, முப்பத்திரண்டு பிட்டுக்காக அவள் செலவிடும் உழைப்பை விளக்கியிருந்தாள். மியூசியம் என்ற சொல்லே இல்லை. அவர் 'தங்களது விரிவான மடலுக்கு மனமார்ந்த நன்றி' என்று பதில் போட்டார். ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தவர்கள் ஊர் பார்க்கிறது என்றதும் சம்பந்தி வீட்டார் போலக் குழைந்தார்கள். ஆனால் குழைந்ததில் ஒரு லாபம் இருந்தது. முதல் முறையாக அவர் ஏன் நிறுத்தவேண்டாம் என்கிறார், அவள் ஏன் நிறுத்தச் சொல்கிறாள் என்பது எனக்கே புரிந்தது. அவருடைய உறவுக்காரர் ஒருவர் நடத்தும் டியூஷன் சென்டரில் முழுக்கப் பழைய கணினிகள். அவளுக்கு அலுவலகம் போக மிச்சமிருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையும் இதில் போகிறது. வாய்ஸ் மெசேஜில் இது எதுவும் வந்ததில்லை. அதில் கோபம் மட்டும்தான் வந்தது.

பிறகு ஊர் வந்தது.

முதலில் எழுதியவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. 'நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. இந்தத் திட்டம் செத்துவிட்டது என்று நினைத்து, போன மாதம்தான் வருத்தப்பட்டு முடித்தேன்' என்று எழுதியிருந்தார். அடுத்தது சாமராஜநகரிலிருந்து. கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர், கன்னடத்தில் எழுதியிருந்தார். எங்கள் டிஸ்ட்ரோவில்தான் ஊரில் பாதிக் கல்யாணம் நடந்தது என்றார். வெளிநாட்டிலிருந்து ஒருவர், தனக்குக் கன்னடமும் தெரியாது, தமிழும் தெரியாது, கணினியைப் போட்டதும் திரையில் வருகிற எங்கள் யானைப் படத்துக்காகவே வைத்திருப்பதாக எழுதினார். அதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

எங்களுக்கு ஆட்கள் இருந்தார்கள்! அந்த நினைப்பே ஒரு போதையாக இருந்தது. வேலை நேரத்தில் திருட்டுத்தனமாகக் குழுவைத் திறந்து திறந்து பார்த்தேன். அவள் தமிழில் பாதியை மறந்து, "அக்கா, நோடி நோடி, பாருங்க, இன்னொருத்தர்!" என்று கன்னடம் கலந்து கத்துவாள். தனியாக மெசேஜ் அனுப்பாதே என்று நான் போட்ட விதியை இந்தச் சந்தோஷத்துக்கு மட்டும் தளர்த்தினேன்.

அந்தச் சூட்டிலேயே குழுவில் ஒரு கேள்வி போட்டேன். அடுத்த பதிப்புக்குள் நாம் என்ன செய்யவேண்டும்? எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் ஒவ்வோர் ஆசைக்கும் 'இதை நான் செய்கிறேன்' என்று யாராவது ஒருவர் கை தூக்கவேண்டும், இல்லாவிட்டால் அது இலக்கு ஆகாது.

ஆசைகள் கொட்டின. எழுத்து பெரிதாக வேண்டும், கேரம் விளையாட்டு வேண்டும், யானையை எடுக்கவேண்டும், யானையை எடுக்கவே கூடாது. கை தூக்கத்தான் ஆளில்லை. இதற்கு நடுவில் ஒரு பெண்ணிடமிருந்து தமிழில் ஒரு மடல் வந்தது.

'நான் மாதேஸ்வரன் மலையில ஃபோட்டோ கடை வெச்சிருக்கறேன். பழைய மிஷினை எடுத்துறாதீங்க. என்கிட்ட ஓடறது அதுதான்.'

வங்கிக்காரர் உடனே என்னைக் கூப்பிட்டார். "பாத்தேளா? பாத்தேளா?"

"அதை அங்கே எழுதுங்க சார்" என்று வைத்துவிட்டேன்.

அவர் எழுதினார், கொஞ்சம் வெற்றிப் பெருமிதத்தோடு. அவள், அந்தக் கணினி எந்த வருடத்து மாடல், எதற்குப் பயன்படுகிறது என்று சந்தேகத்தோடு கேட்டாள். மலைக்காரப் பெண், அதெல்லாம் எழுதத் தெரியவில்லை, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள், சாமியையும் பார்த்த மாதிரி ஆகும் என்று பதில் போட்டாள். இதுவும் பொதுக் குழுவில்தான் என்பதால் தப்பிக்க வழியில்லை. யானைப் பிரியர்கூட 'அவசியம் போய் வாருங்கள்' என்று எழுதிவிட்டார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் மூவரும் கொள்ளேகாலத்துக்கு பஸ் ஏறினோம். மூன்று பேர் உட்காரும் சீட். ஜன்னலோரம் அவர், இந்தப் பக்கம் அவள், நடுவில் வழக்கம்போல நான். குழுவில் சம்பந்திகள் போலப் பேசியவர்கள் நேரில் மறுபடி ஊமையானார்கள். "அவர்க்கு முறுக்கு வேணுமா கேளுங்க அக்கா" என்றாள். "வேண்டாம், தேங்க்ஸ்னு சொல்லுங்கோ" என்றார். கொள்ளேகாலம் வரைக்கும் அந்த முறுக்குப் பொட்டலம் என் மடியில் இருந்தது.

கொள்ளேகாலத்தில் மலைக்குப் போகிற பஸ்ஸில் மாறினோம். மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியதும் எனக்குத் தலை சுற்றியது. இதைச் சமரசத் தந்திரம் என்று பிற்பாடு எல்லோரும் பாராட்டினார்கள். அப்படி ஒன்றுமில்லை, நிஜமாகவே குமட்டியது. எழுந்து முன்னால் காலியாக இருந்த ஜன்னல் சீட்டுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்த வளைவில் பஸ் சாய்ந்தபோது, நடுவில் நான் இல்லாததால், அவள் சரிந்து போய் அவர் தோளில் மோதியிருக்கிறாள்.

"சாரி சார்" என்ற குரல் கேட்டது.

"பரவால்ல. முறுக்கு இருக்கா?"

அவ்வளவுதான். பிறகு நெடுநேரம் நான் கண்ணைத் திறக்கவில்லை. முதலில் முணுமுணுப்பு, அப்புறம் பேச்சு, அப்புறம் சத்தம். ஒரு வளைவில் அவர், "எதுக்கு என்கிட்ட நேரா சொல்லல?" என்றார். அடுத்த வளைவில் அவள், "நீங்க ஃபோன் எடுக்கல சார்!" என்றாள். "நீ பண்ணவே இல்லையே!" "நீங்க எடுக்க மாட்டீங்கன்னு பண்ணல!" பஸ்ஸில் இருந்த பக்தர்கள் மலைச் சாமி மாதப்பனை மறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பேச்சு கெர்னலுக்குத் தாவியது. கெர்னல் என்பது இயங்குதளத்தின் உள்மையம். பழைய கெர்னலை வைத்துக்கொள்வதா, புதிய கெர்னலுக்குப் போவதா என்று இருவரும் கத்த, கண்டக்டர் வந்து பணிவாகக் கேட்டார்: "சார், மிலிட்டரியா? எந்தக் கர்னல் சார் ரிட்டயர் ஆகறாரு?"

முதலில் சிரித்தவர் வங்கிக்காரர்தான். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பழைய கர்னல், ரொம்ப நல்லவர், இவ அனுப்பப் பாக்கறா" என்றார். அவள் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். எனக்குக் குமட்டல் போன இடம் தெரியவில்லை.

கடை, கோவிலுக்குப் போகும் வழியில் இருந்தது. தேங்காய் பழக் கடைக்கும் பொம்மைக் கடைக்கும் நடுவில், சாமி படத்தின் முன்னால் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுத்து, அங்கேயே பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து கொடுக்கும் கடை. என் வயதுப் பெண், வேகமான கை, அதைவிட வேகமான வாய். நாங்கள் யாரென்று சொன்னதும் எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மத்தவங்கெல்லாம் பின்னால வராங்களா?"

"நாங்க மூணு பேர்தாங்க" என்றேன்.

"மூணே பேருங்களா! நான் பெரிய ஆபீஸ்னு நெனச்சுட்டனுங்க" என்று வாயில் கை வைத்தவள், அடுத்த நொடியே ஸ்டூல் இழுத்துப் போட்டாள்.

பழைய கணினி மேசை மேல் இருந்தது. அது மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியது. "காத்தால இதைப் போட்டுட்டுப் போய் வாசல் தெளிச்சுக் கோலம் போடுவனுங்க. நான் கோலத்த முடிச்சு எந்திரிச்சு வர்றதுக்கும் இது எந்திரிக்கறதுக்கும் செரியா இருக்கும்" என்றாள்.

"ஓடறதோல்லியோ!" என்று வங்கிக்காரர் அவளை, அதாவது எங்கள் பேக்கேஜ்காரியைப் பார்த்தார். அவள் மேசைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அதன் மேல் ஒரு பூ மூட்டை.

"அது என்னங்க அக்கா?"

"அதா? புது மிஷினுங்க. தம்பி வாங்கிக் குடுத்தான்."

"புதுசா? அப்புறம் ஏன் போடல?"

"போட்டனுங்களே! உங்களுதத்தான் போட்டேன். மொழி கேட்டுது, சொன்னேன். ஊர் கேட்டுது, சொன்னேன். அப்புறம் செவப்பா ஒரு பக்கம் வந்துதுங்க. 'அனைத்தும் அழிந்துவிடும். தொடரலாமா?'ன்னு கேக்குதுங்க." அவள் குரல் தாழ்ந்தது. "மலை மேல, சாமி வாசல்ல உக்காந்துக்கிட்டு, எல்லாம் அழிஞ்சு போகும், செரியான்னு கேட்டா, ஆமான்னு எப்படீங்க அமுத்தறது? ஒயரைப் புடுங்கி, பெட்டில போட்டு, பூவ மேல வெச்சுட்டனுங்க."

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்தச் சிவப்புப் பக்கத்தை வடிவமைத்தவர் அவர். அதை அப்படியே தமிழில் போட்டது நான். பேக்கேஜ் கட்டி அனுப்பியது அவள். முதலில் அவள் வெடித்தாள். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் பூ மூட்டைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வயிறு வலித்தது. கடைக்காரப் பெண்ணுக்கும் தொற்றிக்கொண்டது. வங்கிக்காரர் மட்டும் குனிந்து அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

"அப்போ, இது ஓடினா உங்களுக்குப் பழசு வேண்டாமா?" என்று கேட்டார்.

"புதுசு ஓடுச்சுன்னா அது எனக்கெதுக்குங்க? ஒரு படம் வரதுக்குள்ள ஒரு குடும்பம் மலையெறங்கிப் போயிருதுங்க."

அந்த இடத்தில் எங்கள் பேக்கேஜ்காரி ஜெயித்திருக்கலாம். அவள் தரையில் உட்கார்ந்தபடியே, சிரிப்பைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சார், டியூஷன் சென்டர் இருக்குல்ல? அடுத்த ரிலீஸ்லயும் பழசைக் கட்டறேன். அதோட போதும். ஆனா, அதுதான் கடைசின்னு இப்பவே எல்லார்க்கும் சொல்லிடலாம்."

அவர் தலையாட்டினார். "சொல்லிடலாம். நானே எழுதறேன்."

புதிய கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தோம். அதற்குள் கடை வாசலில் படத்துக்காகக் காத்திருந்தவர்கள் சேர்ந்துவிட்டார்கள். முடி இறக்கிச் சந்தனம் பூசிய தலைகள், தோளில் குழந்தைகள், ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, சாமராஜநகர்க் குடும்பம் ஒன்று. என்ன நடக்கிறது என்று கடைக்காரப் பெண் இரண்டு மொழியிலும் நேரடி வர்ணனை கொடுத்தாள். சிவப்புப் பக்கம் வந்ததும் கூட்டத்தில் ஒருவர், "ஐயய்யோ" என்றார்.

"இதுல என்ன போட்டிருந்தா பயப்பட மாட்டீங்க?" என்று வங்கிக்காரர் திரும்பி அவரையே கேட்டார். நிறுவி எழுதத் தொடங்கிய நாளிலிருந்து யாரிடமும் கேட்காத கேள்வி அது.

ஆளுக்கொன்று சொன்னார்கள். பயப்படாதேன்னு போடுங்க. சாமி பேரைப் போடுங்க. மொட்டைத்தலைப் பெரியவர் ஒருவர், "அதுக்குள்ள ஏற்கெனவே என்ன இருக்குது?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் சேமிக்கிற வட்டே புதுசு என்று சொன்னோம். "ஒண்ணுமே இல்லாத பொட்டில என்ன அழியும்? காலியாத்தான் இருக்குதுன்னு சொல்லு" என்று ஒரு அம்மா அதட்டினார். வங்கிக்காரர் தன் மடிக்கணினியைத் திறந்து அங்கேயே குறித்துக்கொண்டார். வட்டு காலியா என்று நிறுவியே பார்த்துக்கொள்ளும். காலியாக இருந்தால் சிவப்பே வராது.

அன்றைக்குச் சிவப்புதான் இருந்தது. கடைக்காரப் பெண் கோவில் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு 'ஆம்' என்று அமுக்கினாள். எதுவும் அழியவில்லை. கொஞ்ச நேரத்தில் திரையில் யானை வந்தது. கூட்டம் கை தட்டியது. முதல் படமாக எங்கள் மூவரையும் சாமி படத்தின் முன்னால் நிறுத்தி எடுத்து, அச்சடித்தாள். படம் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து விழுந்தது. வங்கிக்காரரின் ஒரு காது வெட்டுப்பட்டிருந்தது. "எப்பவும் இப்பிடித்தானுங்க விழும், மிஷினோட குணம்னு விட்டுட்டனுங்க" என்றாள்.

"அது பக், மென்பொருள்ல இருக்கற தப்பு, அக்கா! ஏன் சொல்லவே இல்ல?"

"யாருகிட்டன்னு சொல்றதுங்க?"

ஆகவே அதுவும் இலக்கில் சேர்ந்தது. பேக்கேஜ்காரி, தன் கையில் நேரமில்லை என்று தயங்கியபோது கடைக்காரப் பெண் கை தூக்கினாள். "புரோகிராம் எழுதத் தெரியாதுங்க. ஆனா நீங்க மாத்தி மாத்திக் குடுத்தா, நான் அடிச்சு அடிச்சுப் பாத்துச் சொல்றனுங்க."

மலையில் சிக்னல் கிடைக்கவில்லை. சாமியைப் பார்த்துவிட்டு, லட்டுப் பொட்டலங்களோடு அங்குமிங்கும் அலைந்து, பஸ் நிலையத்தின் ஒரு மூலையில் கொஞ்சம் கிடைத்தது. என் ஃபோனில் மூவரும் தலையைச் சேர்த்துக்கொண்டு குழுவுக்கு எழுதினோம். 'வேகம், எளிமை, அழகு' போயிற்று. நிறுவி யாரையும் பயமுறுத்தாது, பொறுப்பு அவர். பழைய கணினிகளுக்கு இன்னும் ஒரே ஒரு பதிப்பு, பொறுப்பு அவள். அச்சில் படம் நேராக விழும், சோதிப்பது மலைக் கடை, சரிசெய்ய ஆள் தேவை. பொதுக் குழுவில் பேசாமல் எதுவும் முடிவாகாது, பொறுப்பு நான். யானை தொடர்பாக இன்னும் முடிவில்லை. அனுப்பு என்று அமுக்கியதும் பஸ் வந்துவிட்டது. மடல் போனதா இல்லையா என்று தெரியாமலே ஏறி, மலை இறங்குகிற வரைக்கும் அதற்கும் சிரித்துக்கொண்டு வந்தோம்.

அடுத்த பதிப்பு நாங்கள் சொன்ன நாளுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது. தாமதமாகும் என்பதையும் முன்னாலேயே எழுதிவிட்டோம், ஒருவரும் கோபிக்கவில்லை. சிவப்புப் பக்கம் இல்லை. அச்சுக் கோளாறு மட்டும் சரியாகவில்லை. 'இதை முடிக்க எங்களால் முடியவில்லை' என்று அறிவிப்பிலேயே போட்டோம். அப்படிப் போடும்போது எனக்குக் கை கூசியது. அறிவிப்பைப் படித்துவிட்டு, இதுவரை வாய் திறக்காத யாரோ ஒருவர், இதை நான் பார்க்கிறேன் என்று எழுதினார். பார்த்தும் கொடுத்தார். மலையிலிருந்து எல்லாக் காதுகளும் முழுசாக இருக்கும் ஒரு படம் குழுவுக்கு வந்தது.

இப்போது அவர்கள் இருவரும் தினமும் சண்டை போடுகிறார்கள், எல்லோரும் படிக்கிற இடத்தில், நோட்டீஸ் பாஷையெல்லாம் போய்விட்டது. 'சார், இது சுத்தப் பைத்தியக்காரத்தனம்' என்று அவள் எழுதுவாள். 'பேஷ், ஆனால் ஏன் என்று சொல்' என்று அவர் எழுதுவார். நடுவில் கல்யாணப் பத்திரிகைக்காரர் புகுந்து மூன்றாவதாக ஒரு யோசனை சொல்வார். போன வாரம் யானை மறுபடி கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை காலை, காபியோடு உட்கார்ந்து அந்த மடல்களைப் படித்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பேப்பரை இறக்கிவிட்டு, "என்ன அப்படி?" என்றார். சத்தமாகப் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டார். இரண்டு மடல்களைத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

"இதுல நான் ஒண்ணு சொல்லணுமே" என்றார்.

"என்கிட்ட சொல்லாதீங்க. அங்க எழுதுங்க. யார் வேணும்னாலும் சேரலாம்."

அவர் என் கணினியை இழுத்துப்போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். எனக்கு எட்டிப் பார்க்க ஆசையாக இருந்தாலும் அடக்கிக்கொண்டேன். மற்றவர்களைப் போலவே நானும் குழுவில்தான் படித்தேன். நான் யானை இருக்கவேண்டும் என்ற கட்சி. அவர் தன் முதல் மடலிலேயே, மிகுந்த மரியாதையோடு, யானையை எடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தார்.